தேர்தல் ஆட்டின் தலை எந்த வீட்டுக்கு?

இந்தத் தேர்தலுக்கு எங்கள் மலைக்கு வந்த சோறு அட்டைப் பெட்டியில் வந்தது. பெட்டியின் மேல் வேட்பாளர் கைகூப்பிச் சிரித்தார். உள்ளே பிரியாணி, ஒரு முட்டை, சின்ன டப்பாவில் வெங்காயப் பச்சடி. நானும் ஒன்று வாங்கிச் சாப்பிட்டேன். பொய் சொல்லக் கூடாது, நன்றாகத்தான் இருந்தது. உப்புதான் கொஞ்சம் தூக்கல். புகை இல்லை, சட்டி தேய்க்கிற வேலை இல்லை. என் முட்டி தேய்வதற்கு முன்னாலேயே இந்தப் பெட்டி மலை ஏறி வந்திருக்கக் கூடாதா என்று நினைத்துக்கொண்டேன்.

பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்ட எங்கள் மகளிர் குழுப் பெண்கள் பேச்சோடு பேச்சாகப் பிடித்துக்கொண்டார்கள். "யக்கா, நீங்க எலக்சனுக்கு ஆக்கிப் போட்ட கதையை நம்ம ஆண்டு விழா மலருக்கு எழுதிக் குடுங்க. ஆட்டுத்தலை கதை கண்டிப்பா வரணும்" என்றார்கள். மைக் பிடித்துப் பேசச் சொல்லியிருந்தால் காட்டுக்குள் ஓடியிருப்பேன். எழுதுவது என்றால் யாரும் என் முகத்தைப் பார்க்கப் போவதில்லை. ஐந்தாம் வகுப்பு வரை படித்த படிப்புக்கு இப்போதுதான் ஒரு வேலை வந்திருக்கிறது. பிழை இருந்தால் குழுச் செயலாளர் திருத்திக்கொள்ளட்டும்.

கல்யாணம், கருமாதி, திருவிழா எல்லாவற்றுக்கும் சமைத்திருக்கிறேன். ஆனாலும் பெரிய அண்டா இறங்குவது தேர்தலுக்குத்தான். வேட்பாளரோடு ஊர் ஊராக நடக்கிறவர்கள், கொடி கட்டுகிறவர்கள், ஜீப் ஓட்டுகிறவர்கள், ஒலிபெருக்கியில் கத்தித் தொண்டை கட்டினவர்கள், இவர்களுக்கெல்லாம் சோறு வேண்டும். நான் வேலைக்குப் போனது வெங்காயம் உரிக்க. உரித்தேன், அரிசி களைந்தேன், அண்டா தேய்த்தேன், பிறகு ஒரு நாள் கரண்டி கைக்கு வந்தது. அந்த வருஷங்களைப் பற்றிச் சொல்ல அவ்வளவுதான் இருக்கிறது. கண் எரிந்தது.

எங்கள் சமையல் மாஸ்டரைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். அவர் படவேட்டுக்காரர். கீழே கோயில் கல்யாணங்களுக்குச் சமைப்பார். தேர்தல் வந்தால் பாத்திரங்களை ஏற்றிக்கொண்டு மலைக்கு வந்துவிடுவார். காதை மூடித் துண்டு கட்டிக்கொண்டு, கவிழ்த்துப் போட்ட தவலையின் மேல் உட்கார்ந்திருப்பார். ஆட்களைத் திட்டவே மாட்டார். விறகைத் திட்டுவார்.

"ஏண்டா, உனுக்கு வெக்கமா இல்ல? நனைஞ்சுட்டு வந்து நிக்கிறியே. உன்னை மூடி வக்க இங்க யாருக்கும் கை இல்லியா?"

மூடி வைக்க மறந்தவள் நான். அவர் என் பக்கம் திரும்பக்கூட மாட்டார். எனக்கு அழுகை வரும், கூடவே சிரிப்பும் வரும். பெண்களை எல்லாம் "மகாராணி" என்றுதான் கூப்பிடுவார். "மகாராணி, சோத்துக்கு எப்போ பட்டாபிஷேகம்?" என்று கேட்டால், வடிக்க நேரமாகிவிட்டது, நீ வாய் பார்த்துக்கொண்டிருக்கிறாய் என்று அர்த்தம்.

வேட்பாளர் வந்து, "மாஸ்டர், நீங்க எல்லா ஊருலயும் சோறு போட்டவரு. நாம ஜெயிப்பமா? சோறு மிஞ்சுறதை வச்சு உங்களுக்குத் தெரியும்னு சொல்றாங்களே?" என்று கேட்பார்.

"ஜெயிக்கிறவரு சோறும் மிஞ்சாது, தோக்கிறவரு சோறும் மிஞ்சாது. நம்ம ஜனங்க யாரு சோத்தையும் மிஞ்ச உட மாட்டாங்க சாமி" என்று ஒரு டம்ளர் மோரைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவார்.

ஆள் கணக்குப் போடுவதில் அவருக்கு ஒரு முறை உண்டு. கட்சிக்காரர் வந்து, "ஆயிரம் பேருக்கு ஆக்குங்க" என்பார். மாஸ்டர் அதைக் கேட்கவே மாட்டார், காதில்தான் துண்டு இருக்கிறதே. எத்தனை ஜீப் வருகிறது, எந்த ஊரில் இன்றைக்குச் சாமை அறுப்பு, எந்த ஊரில் சாவு, மாமியார் வீட்டு விசேஷம் எங்கே என்று எங்களைத்தான் கேட்பார். மலைக்காரப் பெண்கள் நாங்கள் சொல்லச் சொல்ல, அரிசியை ஒரு பக்கம் குவிப்பார், சாமையை ஒரு பக்கம் குவிப்பார். பெரியவர்களுக்குச் சாமைச் சோறு, வயசுப் பிள்ளைகளுக்கு அரிசிச் சோறு. ஆயிரம் என்று சொன்ன கூட்டம் கடைசியில் எவ்வளவு வந்தாலும் அவர் போட்ட சோறு சரியாக இருக்கும்.

ஆனால் அவர் அடுப்பு மூட்டுவதற்கு முன் கேட்கிற முதல் கேள்வி இதெல்லாம் இல்லை.

"ஆடு யாருது?"

இதைக் கொஞ்சம் விளக்கிச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. பந்திக்கு யார் ஆடு கொடுத்தாரோ அவர் வீட்டுக்கு அந்த ஆட்டின் தலை போக வேண்டும். தலையைத் தீய்த்துச் சுத்தம் செய்து, முறத்தில் வைத்து, மேலே தேக்கிலை மூடி, சமைக்கிறவளே எடுத்துக்கொண்டு போய்க் கொடுக்க வேண்டும். கொடுத்தவர் தன் கையால் வாங்க வேண்டும். அதற்குப் பிறகுதான் கறிச்சட்டி அடுப்பில் ஏறும். தலையை வாங்கிவிட்டால் அதோடு தீர்ந்தது. 'நான் ஆடு கொடுத்தேனே' என்று பிறகு எந்தக் காலத்திலும் அவர் வாய் திறக்கக் கூடாது. தின்றவர்களுக்கும் அவருக்கும் வழக்கு இல்லை. தலை போகாத ஆட்டை எங்கள் ஜனம் வாயில் வைக்காது. வைத்தால் கொடுத்தவனுக்குக் காலமெல்லாம் கடன்பட்டவர்கள் ஆகிவிடுவோம் என்று பயம்.

மாஸ்டர் முதன்முதலில் மலைக்கு வந்தபோது இது அவருக்குத் தெரியாதாம். தலையையும் சேர்த்துக் குழம்பில் போட்டுவிட்டார். பந்தியில் இலை போட்டு உட்கார்ந்த ஜனம் குழம்பைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்ததாம். ஒருவர்கூடக் கை வைக்கவில்லை. "என் சமையலை நாய்கூட வேணாம்னு சொன்னதில்ல, அன்னிக்கு மனுசங்க சொன்னாங்க" என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். அன்றிலிருந்து அடுப்புக்கு முன்னால் இந்தக் கேள்விதான்.

தேர்தல் சமையலில் இந்தக் கேள்விக்குப் பதில் வாங்குவது லேசான காரியம் இல்லை. ஏனென்றால் அரிசி ஒருவர் கொடுத்தது, எண்ணெய் ஒருவர் கொடுத்தது, ஜீப்பு ஒருவர் கொடுத்தது, ஆடு இன்னொருவர் கொடுத்தது. வேட்பாளர் வீட்டிலிருந்து வந்தது உப்பு மட்டும்தான் என்று நாங்கள் எங்களுக்குள் சொல்லிக்கொள்வோம். உப்புப் போட்டவரை ஜனம் நினைத்துக்கொண்டது. மற்றதெல்லாம் போட்டவர்களை வேட்பாளர் நினைத்துக்கொண்டார்.

எங்கள் பெரிய ரோட்டைப் பார்த்தாலே இது தெரியும். ஒரு தேர்தலில் கல் உடைக்கிற கான்ட்ராக்டர் ஒருவர் ஜீப்பெல்லாம் கொடுத்தார். அடுத்த வருஷம் தார் ரோடு வந்தது. அவருடைய கல்லுக்குழி வாசல் வரைக்கும் வந்து நின்றது. அதற்கு அப்பால் இருந்த எங்கள் மூன்று ஊருக்கும் மண்தான். அந்த இடத்தில் பஸ் ஒரு குதி குதிக்கும். "ஜீப்பு முடிஞ்சுது, எறங்கி நடங்க" என்று கண்டக்டர் கத்துவார். பஸ்ஸே சிரிக்கும்.

இன்னொரு தேர்தலில், சமைக்கிற இடத்துக்குக் காமிராவோடு அதிகாரிகள் வந்துவிடுவார்கள் என்று பயந்து, பந்தல் வாசலில் 'காதணி விழா' என்று எழுதிக் கட்டிவிட்டார்கள். பக்கத்து வீட்டுப் பெண்குழந்தைக்குப் பட்டுப்பாவாடை கட்டி நடுவில் உட்கார வைத்தார்கள். அதிகாரி வந்தார். நல்ல மனிதர்.

"குழந்தை பேரு என்னம்மா?"

"கவிதா" என்றார் ஒருவர். "சரிதா" என்றார் இன்னொருவர். குழந்தை, "எம் பேரு தேவி. எனுக்கு முந்தாநேத்தே பக்கத்து ஊர்ல காது குத்தியாச்சு. நாளைக்கு மேலூர்லயும் குத்துறாங்க" என்றது.

அதிகாரி சிரிப்பை அடக்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். நான் அண்டாவுக்குப் பின்னால் குனிந்து உட்கார்ந்திருந்தேன். அந்தத் தேவிக்கு இப்போது கல்யாணமாகிவிட்டது. இரண்டே கம்மல்தான் போட்டிருக்கிறாள்.

பிறகு மாஸ்டருக்குச் சர்க்கரை வந்து கீழேயே நின்றுவிட்டார். அவரிடம் வேலை பார்த்தவர்களில் நானும் பொன்னியும் ஆளுக்கொரு பக்கமாகச் சமையல் எடுத்துச் செய்ய ஆரம்பித்தோம். பொன்னி வாயாடி. நான் வாயில்லாதவள். எந்தக் கட்சிக்குக் கூட்டம் அதிகமோ அவர்கள் பொன்னியைக் கூப்பிடுவார்கள். எந்தக் கட்சிக்குச் சண்டை ஆகாதோ அவர்கள் என்னைக் கூப்பிடுவார்கள்.

இனி குழுப் பெண்கள் கேட்ட ஆட்டுத்தலை கதை.

எங்கள் பஞ்சாயத்துத் தலைவர் பதவி பெண்களுக்கு என்று ஒதுக்கிய வருஷம் அது. செல்லி நின்றாள். கடுக்காய் பொறுக்கி, புளி உடைத்துப் பிழைத்தவள். மகளிர் குழுவை ஒன்று சேர்த்தவளும் அவள்தான். அவளுக்குப் பூட்டு சாவி சின்னம். எதிரே நின்ற அம்மாவும் நல்லவர்தான், ஆனால் பேசுவதெல்லாம் அவர் வீட்டுக்காரர்.

செல்லி சொன்னது ஒரே விஷயம். காட்டோரமாகவும் பாதையோரமாகவும் பஞ்சாயத்துக்குச் சொந்தமான புளியமரங்கள் நிறைய இருக்கின்றன. வருஷா வருஷம் பழம் பறிக்கிற உரிமையை ஏலம் விடுவார்கள். விடுவார்கள் என்று பேர். எப்போது விட்டார்கள் என்று எங்களுக்குத் தெரியாது. ஒரு நாள் பார்த்தால் புளி மண்டி ஏகாம்பரம் ஆட்கள் மரத்தில் ஏறியிருப்பார்கள். நம் மரத்தின் பழத்தை நாமே கூலிக்கு உடைத்துக் கொடுப்போம்.

"நான் வந்தா ஏலத்தை எல்லாருக்கும் சொல்லித்தான் உடுவேன். நம்ம பொண்ணுங்களும் கேக்கட்டும்" என்றாள் செல்லி. இதைத்தான் ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டு நடந்தாள்.

அவளிடம் ஜீப்பு இல்லை. நடக்கிறவர்களுக்குச் சோறு போட வீட்டுக்கு ஒரு கை சாமை கேட்டாள். கொடுத்தார்கள். ஒரு கை, ரெண்டு கை, சில வீட்டில் ஒரு பூசணிக்காய். இந்தச் சோறு யார் கொடுத்தது என்று கேட்டால் ஊர் கொடுத்தது. அதற்குத் தலை எதுவும் இல்லை, நானும் கேள்வி கேட்காமல் அடுப்பு மூட்டினேன். பருப்பு, பூசணிக்காய்க் குழம்பு, புளி ரசம். கூட்டம் சந்தோஷமாகச் சாப்பிட்டது.

செல்லியின் கொழுந்தன் மாணிக்கம்தான் பிரசார வேலையெல்லாம் பார்த்தான். அவனுக்கு ஒரே கவலை. எதிர்ப்பக்கத்தில் கறிச்சோறு போடுகிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தான். "பூசணிக்காயைப் போட்டுக்கினு ஓட்டு கேட்டா எவன் வருவான்?" என்று புலம்பிக்கொண்டே இருப்பான். பிரசாரம் முடிகிற கடைசி நாள், சந்தை நாள். காலையில் நான் போனபோது இரண்டு ஆடு அறுத்து, தோல் உரித்து, கறி துண்டு போட்டு வைத்திருந்தது. மாணிக்கம் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான்.

"யக்கா, இன்னிக்கு ஒரு புடி புடிக்கலாம். சீக்கிரம் அடுப்பு மூட்டுங்க. மலைப்பாதையில நடந்து வர்றவங்க மத்தியானம் வந்துடுவாங்க."

"ஆடு யாருது?" என்று கேட்டேன்.

"நம்மளுதுதான்."

"நம்மளுதுன்னா யாரு வூட்டுது?"

"சொந்தக்காரங்க குடுத்தாங்க."

"எந்தச் சொந்தக்காரங்க?"

"யக்கா, நீங்க எப்பவும் பேச மாட்டீங்களே, இன்னிக்கு இன்னா கேள்விமேல கேள்வி கேக்கறீங்க?"

எனக்குச் சண்டை போட வராது. அதனால் நான் சண்டை போடவில்லை. தலை இரண்டையும் தீய்த்துச் சுத்தம் செய்து முறத்தில் வைத்தேன், தேக்கிலை மூடினேன், அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். விறகை அடுக்கி வைத்திருந்தேன். பற்ற வைக்கவில்லை. வெயில் ஏறியது. மாணிக்கம் வந்து அடுப்பைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், போனான். மறுபடியும் வந்தான்.

"தலையைச் செல்லி அண்ணி வூட்டுக்கே அனுப்பிடுங்க. அவங்க குடுத்ததுன்னு இருந்துட்டுப் போவட்டும்."

நான் தலையை ஆட்டினேன், இல்லை என்று. கொடுக்காதவள் வீட்டுக்குத் தலை போனால் அது பொய்த்தலை. அந்தக் கறியை நான் எப்படிக் கிண்டுவது?

மூன்றாவது முறை வந்தபோது அவனுக்கு வியர்த்து ஊற்றியது. என் காதண்டை குனிந்து, "ஏகாம்பரம் குடுத்தாரு. போதுமா? யாருகிட்டயும் சொல்லாதீங்க. அண்ணிக்கும் தெரியாது" என்றான்.

எனக்குத் திக்கென்றது. எந்த ஏகாம்பரத்தின் கையிலிருந்து மரத்தை வாங்க வேண்டும் என்று செல்லி ஊர் ஊராக நடக்கிறாளோ, அவருடைய ஆடு அவள் சட்டியில் கிடக்கிறது. இதைத் தின்றுவிட்டு நாளைக்கு ஏலத்தில் எப்படி நிமிர்ந்து நிற்பாள்?

"அப்ப தலையை அவுருகிட்டதான் குடுக்கணும்" என்றேன்.

மாணிக்கம் தலையில் கை வைத்துக்கொண்டான். பிறகு சொன்னான்: "சரி, போய்க் குடுத்துட்டு வந்து தொலைங்க. ரோட்டுமேல போவாதீங்க. ஓடைப்பக்கமா போய்ப் பின்வாசல்ல குடுங்க. ஒரு ஆளு கண்ணுல படக் கூடாது."

எனக்கும் அதுதான் வேண்டும். ஆள் கண்ணில் படாமல் போவது என்றால் என்னை விட்டால் யார்? முறத்தைத் தூக்கிக்கொண்டு ஓடை வழியாகப் போனேன். மூங்கில் புதரண்டை எதிர்ப்பக்கத்துப் பாதை வந்து சேருகிற இடத்தில் ஒரு பெண் முறத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அதன் மேலும் தேக்கிலை. யாரென்று பார்த்தால், எதிர்த்து நின்ற அம்மாவுக்குச் சமைக்கப் போயிருந்த பொன்னி.

"ஏ சின்னா! நீ எங்க இந்தப் பக்கம்?"

"சும்மா. நீ?"

"நானும் சும்மாதான்."

சும்மா போகிறவர்கள் இரண்டு பேரும் ஒன்றாக நடந்தோம். அவள் அந்தப் பக்கம் பிரிவாள் என்று நான் நினைத்தேன், நான் பிரிவேன் என்று அவள் நினைத்தாள். மண்டியின் பின்வாசல் வந்துவிட்டது. இருவரும் நின்றோம். பொன்னி என் முறத்தைப் பார்த்தாள். நான் அவள் முறத்தைப் பார்த்தேன். பிறகு அவள் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

"அடப்பாவி! உங்க சட்டியும் இவருதா? எங்களுக்கு இந்த எலக்சன் பூரா இவரு ஆடுதான். கொடி புடிக்கிறவங்க கீழே இருந்து வந்தவங்க, தலை கேக்காம தின்னாங்க, இன்னிக்கு நம்ம ஊரு ஜனம் உக்காருதுன்னு சொன்னதும் தலையை எடுத்துக்கினு வந்தேன்."

பின்வாசல் உள்ளே தாழ் போட்டிருந்தது. தட்டினோம். சந்தை நாள் அல்லவா, எல்லோரும் முன்பக்கம் எடை போட்டுக்கொண்டிருந்தார்கள். யாருக்கும் கேட்கவில்லை. நான் அங்கேயே காத்திருக்கலாம் என்றேன். பொன்னி, "சட்டி காயுது, வாடி" என்று என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு சுற்றி முன்வாசலுக்குப் போய்விட்டாள்.

முன்வாசலில் மலையே நின்றது. சந்தைக்கு வந்த அத்தனை ஊர்க்காரர்களும். எங்கள் முறத்தையும் தேக்கிலையையும் பார்த்ததும் பேச்சு அப்படியே அடங்கியது. எங்கள் ஆட்களுக்கு அது என்னவென்று சொல்லித் தர வேண்டியதில்லை.

ஏகாம்பரம் தராசுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். நெற்றி நிறைய விபூதி. முட்டைகூடத் தொடாத மனிதர். எங்கள் விருந்துக்கு எத்தனையோ பேர் கூப்பிட்டும் கறி வாசனைக்குப் பயந்து அவர் எந்தப் பந்திக்கும் வந்ததில்லை. அதனால் மலையில் இத்தனை வருஷம் வியாபாரம் செய்தும் இந்தத் தலை வழக்கம் அவருக்குத் தெரியாது.

"இன்னாம்மா அது?" என்று எட்டிப் பார்த்தார்.

பொன்னி இலையை எடுத்தாள். நான் எடுக்கவில்லை, அவளே என்னுடையதையும் எடுத்துவிட்டாள். நான்கு தலை ஏகாம்பரத்தைப் பார்த்தன.

"சிவ சிவா!" என்று அவர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார்.

"உங்க ஆட்டுத் தலைங்க சாமி. இது ரெண்டும் எங்க சட்டி, அது ரெண்டும் சின்னா சட்டி" என்றாள் பொன்னி, சந்தைக்கே கேட்கிற குரலில்.

கூட்டத்தில் ஒரு கிழவர், "அந்தச் சட்டியும் இவருது, இந்தச் சட்டியும் இவருது. அப்ப எலக்சன்ல நிக்கிறது யாரு, இவரா?" என்றார். சந்தை முழுக்கச் சிரித்தது. எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை, ஏனென்றால் கூட்டத்தை விலக்கிக்கொண்டு செல்லி வந்துகொண்டிருந்தாள். ஓட்டுக் கேட்க வந்தவள். அவள் முகம் செத்துப்போயிருந்தது. பின்னால் மாணிக்கம், ஒரு புளி மூட்டைக்குள் புகுந்துகொள்ள இடம் தேடுகிற மாதிரி.

"யக்கா, அடுப்பு பத்த வச்சிட்டியா?" என்று என்னைக் கேட்டாள்.

"இல்லமா."

"ஏன்?"

"தலை போவலையே."

செல்லி மாணிக்கத்தைத் திரும்பிப் பார்த்தாள். அவள் என்ன நினைத்தாள் என்று எனக்குத் தெரியும். கறியைக் கொட்டச் சொன்னால், அவளுக்காகக் காடு மலை நடந்து வருகிறவர்கள் பட்டினி. போட்டால், நாளைக்கு ஏகாம்பரத்துக்கு அவள் அடங்கின ஆள். பிறகு அவள் கண் என் முறத்துக்குப் போனது, அங்கிருந்து ஏகாம்பரத்துக்குப் போனது. அவள் முகத்தில் உயிர் வந்ததை நான் பார்த்தேன்.

"அய்யா, ஆடு உங்களுதுன்னா தலையை உங்க கையால வாங்கிக்குங்க. இல்லன்னா இல்லன்னு சொல்லுங்க. எந்த மவராசன் குடுத்தான்னு நாங்க தேடிக்கினு போறோம்."

ஏகாம்பரம் கூட்டத்தைப் பார்த்தார். இல்லை என்று சொன்னால் நாலு ஆடும் போச்சு, கொடுத்த பேரும் போச்சு. எப்படியும் குட்டு உடைந்துவிட்டது. இத்தனை பேர் முன்னால் வாங்கிக்கொண்டால், யார் ஜெயித்தாலும் நம்மை மறக்க முடியாது என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். முகத்தை நிமிர்த்திச் சிரித்தார்.

"எனக்கு ரெண்டு பேரும் ஒண்ணுதாம்மா. யாரு வந்தாலும் நம்ம மலைக்கு நல்லது நடக்கணும். ஏதோ என்னால முடிஞ்சது."

சொல்லிவிட்டுக் கண்ணை இறுக்க மூடி, முகத்தை அந்தப் பக்கம் திருப்பி, சூடான தோசைக்கல்லைத் தொடுகிறவர் மாதிரி இரண்டு விரலால் முறத்தின் விளிம்பைத் தொட்டார்.

"அப்படி இல்ல சாமி, ரெண்டு கையால" என்றாள் பொன்னி.

இரண்டு கையாலும் வாங்கினார். பொன்னியினுடையதையும் வாங்கினார், என்னுடையதையும் வாங்கினார். வாங்கியதும் மூட்டை தூக்குகிற ஆளிடம் தள்ளிவிட்டுக் கை கழுவ ஓடினார். அந்த ஆளுக்கு அன்றைக்குத் தீபாவளி.

செல்லி கூட்டத்தைப் பார்த்து, "எல்லாரும் பாத்துக்குனீங்களா? அய்யா வாங்கிட்டாரு" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அன்று அவள் ஓட்டுக்கூடக் கேட்கவில்லை. "யக்கா, போய் அடுப்பை மூட்டு" என்றாள்.

ஓடினேன். என் வாழ்நாளில் அவ்வளவு வேகமாகக் கறி வேக வைத்ததில்லை. வந்தவர்கள் பசியோடு வந்து வயிறாரச் சாப்பிட்டார்கள். "யாரு குடுத்த ஆடு?" என்று கேட்டார்கள், "தலை போய்ச் சேந்துச்சா?" என்று கேட்டார்கள், "சேந்துச்சு" என்றதும் சிரித்துக்கொண்டே கை வைத்தார்கள். பொன்னியின் பக்கத்திலும் அப்படியே நடந்ததாம்.

செல்லி ஜெயித்தாள். பெரிய வித்தியாசம் இல்லை, ஆனாலும் ஜெயித்தாள்.

பழம் பழுக்கிற காலம் வந்தது. செல்லி ஒவ்வொரு ஊரிலும் தண்டோரா போடச் சொன்னாள். ஏலத்தன்று பஞ்சாயத்து ஆபீஸ் வாசலில் நிற்க இடம் இல்லை. தலைவரானதும் செல்லி குழுவிலிருந்து விலகிவிட்டாள். குழுவுக்காக ஏலம் கேட்க யாராவது வாய் உள்ளவர்கள் வேண்டும் என்றபோது எல்லோரும் பொன்னியைத்தான் பிடித்துத் தள்ளினார்கள். நான் பின்னால் வேப்பமரத்துக்கு அந்தப்புறம் நின்றிருந்தேன்.

ஏகாம்பரம் வந்தார். கூட்டத்தைப் பார்த்ததும் அவருக்குப் பிடிக்கவில்லை. செல்லியண்டை போய், மெதுவாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு சொன்னார்:

"இன்னாம்மா தலைவரே, தண்டோரா எல்லாம் எதுக்கு? எப்பவும்போல நமக்குள்ள முடிச்சிருக்கலாமே. எலக்சன்ல நான் செஞ்சதைக் கொஞ்சம் நினைச்சுப் பாக்கணும் இல்ல?"

செல்லி எழுந்து நின்றாள். "இன்னா செஞ்சீங்க அய்யா?"

"ஆடு குடுத்தேனேம்மா. ஊரே பாத்துதே."

"குடுத்தீங்க. தலை வந்துச்சா?"

அவருக்குப் புரியவில்லை. "வந்துச்சு."

"யாரு வாங்குனது?"

"நான்தாம்மா வாங்குனேன். தோ, அந்த மரத்துக்குப் பின்னால நிக்குதே, அந்தம்மாதான் எடுத்துக்கினு வந்துச்சு."

அத்தனை தலையும் வேப்பமரத்தின் பக்கம் திரும்பியது. நான் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன். ஆனாலும் கேள்வி என்னிடம் வந்துவிட்டதால் பதில் சொல்லாமல் இருக்க முடியவில்லை. "ஆமா, ரெண்டு கையால வாங்குனாரு" என்றேன். கூட்டத்தில் நான் பேசியது அது ஒன்றுதான். முந்தானைக்குள்ளிருந்து பேசியது யாருக்குக் கேட்டதோ தெரியாது. ஆனால் கூட்டம் முழுக்க அதையே திரும்பச் சொன்னது, "ரெண்டு கையால வாங்குனாரு!"

"அப்ப நமக்குள்ள வழக்கு இல்ல அய்யா. ஏலத்தைக் கேளுங்க" என்றாள் செல்லி.

யாரோ அவரை ஓரமாகக் கூட்டிப்போய் வழக்கத்தை விளக்கினார்கள். கேட்கக் கேட்க அவர் முகம் போன போக்கைச் சொல்லி முடியாது. முதலில் கோபம், பிறகு தன் இரண்டு கையையும் விரித்துப் பார்த்துக்கொண்டார், பிறகு, அவரும் மனிதர்தானே, அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. வந்து உட்கார்ந்தார். ஏலம் கேட்டார். பொன்னி அதற்கு மேல் கேட்டாள். அவர் அதற்கு மேல் போனார். பொன்னி குழுப் பெண்களைத் திரும்பிப் பார்த்தாள், அவர்கள் தலையாட்டினார்கள், இன்னும் மேலே போனாள். இப்படியே போய் ஓர் இடத்தில் ஏகாம்பரம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நிறுத்திவிட்டார். மரம் குழுவுக்கு விழுந்தது. பெண்கள் போட்ட குலவையில் மரத்திலிருந்த காக்கையெல்லாம் பறந்தது.

வியாபாரி வியாபாரிதான். சத்தம் அடங்கும் வரை காத்திருந்து, ஏகாம்பரம் பொன்னியைக் கேட்டார்:

"சரிம்மா, மரம் உங்களுது. உலுக்குன பழத்தை யாருக்குக் குடுக்கப் போறீங்க?"

"தண்டோரா போடுவோம் சாமி, வந்து கேளுங்க" என்றாள் பொன்னி.